கருநிற ஹாலிஹாக்: விதையிலிருந்து விதை வரை

ஜூலை மாதக் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் பார்த்தால் இந்தப் பூ கருப்பாகத்தான் தெரியும். நன்றாகப் பழுத்த நாவல்பழத்தின் தோல் நிறம். சூரியன் பூவுக்குப் பின்பக்கம் வந்ததும் அதே இதழ் திராட்சை ரசம் போலச் சிவந்துவிடும், நரம்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும், நடுவில் இளமஞ்சள் ஒளிரும். இங்கிலாந்தின் வடக்கு எசெக்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒன்பது ஆண்டுகளாக இந்தச் செடியை வளர்க்கிறேன். முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் தவறாகவே செய்தேன். அந்த மூன்று ஆண்டுகள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

படம் அனுப்பியபோது அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "ஏண்டி, இலையும் காயும் நம்ம துத்தி மாதிரியே இருக்கே?" என்பதுதான். சரியாகப் பிடித்துவிட்டார். துத்தி, செம்பருத்தி, பூவரசு, வெண்டை, பருத்தி எல்லாமே ஒரே குடும்பம். ஹாலிஹாக்கும் அதில்தான் சேரும். வெண்டைப் பூவின் நடுவில் ஒரு குழல் நின்று அதைச் சுற்றி மகரந்தம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதிலும் அப்படியே. தண்டைக் கிள்ளினால் வெண்டைக்காய் போலக் கொழகொழப்பு வரும். தாவரப் பெயர் ஆல்சியா ரோசியா. கருநிற வகையை 'நைக்ரா' என்கிறார்கள்.

ஐரோப்பியத் தோட்டங்களில் இந்த நிறம் மிகப் பழையது. 1629-ல் லண்டன் மூலிகை வல்லுநர் ஜான் பார்கின்சன், கருத்த ரத்தம் போன்ற சிவப்பில் ஒரு ஹாலிஹாக் இருப்பதைக் குறித்து வைத்திருக்கிறார். அமெரிக்காவில் தாமஸ் ஜெஃபர்சன் வாழ்ந்த மான்டிசெல்லோ தோட்டத்தில் இதை இன்றும் வளர்த்து விதை கொடுக்கிறார்கள். நானூறு ஆண்டுகளாக ஒரு நிறம் கைமாறி வந்திருக்கிறது என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் பூத்த செடிகளின் நடுவே நின்று, கருத்ததை வைத்துக்கொண்டு வெளிறியதைப் பிடுங்கியிருக்கிறார் என்று அர்த்தம். இந்தச் செடியை வளர்ப்பதில் உண்மையான வேலை அதுதான். மண்ணும் உரமும் அதற்கு அடுத்தபடி.

இரண்டு ஆண்டுக் கணக்கு

ஹாலிஹாக் ஈராண்டுப் பயிர். முதல் ஆண்டு தரையோடு இலைக்கொத்து மட்டும் விடும். குளிர்காலத்தை அப்படியே கழித்துவிட்டு, இரண்டாம் ஆண்டு கோடையில் ஐந்து முதல் எட்டு அடி உயரத்துக்குப் பூத்தண்டு எழும்பும். கீழிருந்து மேலாகப் பூக்கும். ஒரு தண்டு ஆறேழு வாரம் வரை பூத்துக்கொண்டே போகும். அதன்பின் சில செடிகள் செத்துவிடும், சில மூன்றாம், நான்காம் ஆண்டும் வரும். ஆனால் வயதாக ஆகத் துரு நோய்க்கு இடம் கொடுக்கும். அதனால் ஆண்டுதோறும் கொஞ்சம் விதைத்துவிடுவது நல்லது. அப்போதுதான் ஒரு தொகுதி பூக்கும்போது இன்னொரு தொகுதி இலைப் பருவத்தில் காத்திருக்கும். ஒரே ஒரு முறை விதைத்துவிட்டு நிறுத்தினால், ஒரு கோடை முழுக்கப் பூ, அடுத்த கோடை வெறும் மண் என்று ஆகிவிடும்.

விதை வாங்கும்போது

பாக்கெட்டில் கருப்புப் பூ படம் போட்டிருந்தால் போதும் என்று நினைத்து நான் முதலில் வாங்கியதில், இரண்டு ஆண்டு காத்திருந்த பிறகு பாதிச் செடி ரோஜா நிறத்தில் பூத்தது. காரணம் எளிது. தேனீக்கள் பக்கத்துத் தோட்டத்து வெளிர்ப் பூவிலிருந்து மகரந்தம் கொண்டுவந்துவிடும். தனியாக ஒதுக்கி வளர்க்காத விதை கலப்பாகத்தான் இருக்கும். எனவே 'நைக்ரா' என்று பெயர் போட்டு, எங்கே எப்படி எடுத்த விதை என்று சொல்பவர்களிடம் வாங்குங்கள். தோட்டக்காரர்கள் தங்களுக்குள் விதை மாற்றிக்கொள்ளும் இடங்களில் கிடைப்பதும் நன்றாகவே இருக்கும், தாய்ச்செடியைப் பூவோடு பார்த்தவர் கையிலிருந்து வந்தால்.

வேறு கருநிற வகைகளும் உண்டு. 'பிளாக்நைட்' என்பது பல ஆண்டுகள் நிலைத்து வாழும்படி தேர்ந்தெடுத்த புதிய வகை. 'க்ரெம் டி காசிஸ்' நடுவில் அடர் நாவல் நிறமும் ஓரத்தில் வெளிறியும் இருக்கும். 'சேட்டர்ஸ் டபுள்' வரிசையில் அடுக்கு இதழோடு அடர் சிவப்பு வரும். என் விருப்பம் ஒற்றை இதழ் 'நைக்ரா'தான். அடுக்குப் பூவில் வெளிச்சம் ஊடுருவாது. இந்தப் பூவின் அழகே வெளிச்சம் ஊடுருவுவதில் இருக்கிறது. வண்டுகளுக்கும் ஒற்றை இதழில்தான் எளிதாக வழி கிடைக்கும். மகரந்தம் பூசிக்கொண்டு வெள்ளை வெளேரென்று ஒரு பம்பிள் தேனீ இந்தக் கருப்புப் பூவிலிருந்து வெளியே வருவதை ஒருமுறை பார்த்துவிட்டால் நீங்களும் அடுக்குப் பூ கேட்கமாட்டீர்கள்.

விதைப்பு

இங்கிலாந்தில் நான் விதைப்பது ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதிக்குள். அப்படி விதைத்தால் இலையுதிர் காலத்துக்குள் கன்று வேரூன்றிவிடும், அடுத்த கோடையில் பூக்கும். பிப்ரவரியிலேயே வீட்டுக்குள் ஜன்னலோரம் விதைத்து அதே ஆண்டு பூ பார்க்க முயல்பவர்களும் உண்டு. சில செடி பூக்கும், தண்டு குட்டையாக இருக்கும். அவசரம் இல்லையென்றால் ஜூலை விதைப்பே நல்லது.

இந்தச் செடி ஆணிவேரை நேராகக் கீழே இறக்கும். ஆழமில்லாத தட்டில் விதைத்து, கன்று பெரிதாகும்வரை வைத்திருந்தேன் ஒரு வருடம். வேர் தட்டின் அடியில் மடங்கிச் சுருண்டுவிட்டது. பிடுங்கி நட்ட பதினான்கில் மூன்றுதான் பூத்தண்டு விட்டது. அதிலிருந்து கழிவறைத் தாள் சுற்றிவரும் அட்டைக் குழலில் மண் நிரப்பி, நெருக்கமாக ஒரு பெட்டியில் நிற்கவைத்து, குழலுக்கு இரண்டு விதை போடுகிறேன். நடும்போது குழலோடு அப்படியே மண்ணில் இறக்கிவிடலாம், அட்டை மக்கிவிடும். நாலைந்து அங்குல ஆழமுள்ள தொட்டியும் போதும்.

விதை தட்டையாக, சின்ன வட்டமாக இருக்கும். அதன்மேல் அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக மண் இருந்தால் போதும். சுமார் 20 டிகிரி வெப்பத்தில் பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். முதல் ஜோடி இலைக்குப் பிறகு வரும் இலை சொரசொரப்பாக, வட்டமாக இருக்கும். அப்போது குழலுக்கு ஒரு கன்றை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் நல்ல கன்றின் வேரும் சேர்ந்து வரும்.

தோட்டத்தில் நேரடியாக விதைப்பதும் சரிதான், ஆணிவேர் தொந்தரவில்லாமல் இறங்கும். ஆனால் நத்தைகள் ஒரே ராத்திரியில் வரிசையையே காலிசெய்துவிடும். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

எங்கே நடுவது

நாள் முழுக்க வெயில் படும் இடம் வேண்டும். செப்டம்பரில், மண்ணில் சூடு மிச்சமிருக்கும்போதே நட்டுவிடுகிறேன். செடிக்குச் செடி ஒன்றரை முதல் இரண்டு அடி. நெருக்கி நட்டால் காற்று ஓடாது, துரு சீக்கிரம் வரும். களிமண்ணிலும் சுண்ணாம்பு மண்ணிலும் வளரும். தண்ணீர் தேங்குவதுதான் ஆகாது. பனியில் சாகும் செடியைவிடக் குளிர்கால ஈரத்தில் குருத்து அழுகிச் சாகும் செடிகளே அதிகம். எங்கள் மண் கனத்த களி. குழியில் ஒரு கை மணற்சரளை கலந்து, குருத்து மண்மட்டத்திலேயே இருக்கும்படி நடுகிறேன். மக்கிய உரம் கொஞ்சம் போதும். தழைச்சத்து அதிகமானால் இலை மட்டும் பெருத்து, தண்டு மெலிந்து காற்றில் ஒடியும்.

தென்புறச் சுவரடி இதற்குப் பிடித்த இடம். பிரான்சின் மேற்குக் கடற்கரையோரம் இருக்கும் இல் த ரே தீவில், வெள்ளையடித்த வீட்டுச் சுவருக்கும் தெருவுக்கும் இடையே உள்ள விரிசலில் ஹாலிஹாக் தானாகவே முளைத்து ஆளுயரம் நிற்கும். யாரும் உரம் போடுவதில்லை. நல்ல வடிகாலும் வெயிலும் காற்றும் இருந்தால் எவ்வளவு குறைவான மண்ணில் இது வாழும் என்பதற்கு அந்தத் தெருக்களே சாட்சி.

அப்புறம், கருநிறப் பூவுக்கென்று தனியாக யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. அடர்ந்த பச்சை வேலிக்கு முன்னால் நட்டால் பூ கண்ணிலேயே படாது, பத்தடி தள்ளி நின்றால் அங்கே ஓட்டை விழுந்தது போல இருக்கும். நான் முதலில் நட்டது அப்படித்தான், யூ மர வேலிக்கு முன்னால். இப்போது இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன். ஒன்று, வெளிர் நிறச் சுவரின் முன்னால். இன்னொன்று, மாலையில் நாங்கள் உட்காரும் இடத்துக்கு மேற்கே, சாயும் வெயில் பூவின் வழியாக எங்களை நோக்கி வரும்படி. இரண்டாவது இடத்துக்குத்தான் என் ஓட்டு. பக்கத்தில் பெருஞ்சீரகம், சாம்பல் இலைச் செடிகள், இளமஞ்சள் பூ எதுவும் பொருந்தும். அடர் ஊதாவையும் கருஞ்சிவப்பையும் கூடவே நட்டால் எல்லாமே மங்கிப்போகும். முன்னால் இரண்டடி உயரச் செடி ஏதாவது கட்டாயம் வேண்டும். ஆகஸ்டில் ஹாலிஹாக்கின் அடித்தண்டு இலையில்லாமல் நிற்கும், அதை மறைக்க.

கோடைப் பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தண்டு மூன்றடி உயர்ந்ததும் மூங்கில் குச்சி ஊன்றி, கயிற்றை எட்டு வடிவில் சுற்றிக் கட்டுங்கள். வேரூன்றிய செடிக்கு, மழையில்லாத நாட்களில் வாரம் ஒருமுறை அடியில் நிறையத் தண்ணீர். மேலே தெளிக்கவே வேண்டாம்.

துரு நோய்

ஹாலிஹாக் வளர்ப்பவர்கள் எல்லோரும் இதைச் சந்தித்தே ஆகவேண்டும். இலையின் மேல்பக்கம் மஞ்சள் புள்ளிகள். திருப்பிப் பார்த்தால் கடுகைவிடச் சிறிய செம்பழுப்புக் கொப்புளங்கள். அடி இலையில் தொடங்கி மேலே ஏறும். புக்சினியா மால்வாசியேரம் என்ற பூஞ்சைதான் காரணம்.

இது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1869-ல் ஸ்பெயினில் தென்பட்டு, 1873-ல் இங்கிலாந்தை எட்டியது. அந்தக் காலத்தில் எசெக்ஸின் சாஃப்ரன் வால்டன் ஊர்தான் ஹாலிஹாக்குக்குப் பேர்போனது. வில்லியம் சேட்டர் என்ற நாற்றுப்பண்ணைக்காரர் அங்கே பல்லாண்டுகளாக அடுக்கு இதழ் வகைகளை உருவாக்கி நாடெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். துரு வந்ததும் அவர் பயிர் அழிந்தது. இன்று விதைப் பாக்கெட்டில் இருக்கும் 'சேட்டர்ஸ்' அவருடைய பெயர்தான். அந்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேர தூரம். முதல் முறை என் செடியில் கொப்புளம் பார்த்தபோது அவரை நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பூஞ்சைக்கு இன்னொரு இனச் செடியில் போய்த் தங்கிவிட்டு வரவேண்டிய தேவை இல்லை. ஹாலிஹாக் இலையிலேயே தொடங்கி அங்கேயே முடித்து, குளிர்காலத்தில் குருத்திலும் உதிர்ந்த இலையிலும் தங்கிக்கொள்ளும். இதன் நெருங்கிய உறவான காட்டு மால்வா களையிலும் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டால் என்ன செய்யவேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும். தோட்டத்திலும் வேலியோரமும் இருக்கும் மால்வா களையைப் பிடுங்குங்கள். மார்ச்சில் குருத்தில் புள்ளி தெரியும் இலையை உடனே கிள்ளுங்கள். மே, ஜூனில் வாரம் ஒருமுறை அடி இலைகளைத் திருப்பிப் பாருங்கள். கிள்ளியதை மக்குக் குழியில் போடாமல் குப்பையில் கட்டிப் போடுங்கள். நவம்பரில் தண்டையும் சருகையும் ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடுங்கள். தண்ணீர் விடுவது காலையில். இலை நனைந்தபடி இரவைக் கழித்தால் பூஞ்சைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

மருந்து அடிக்கலாமா என்று கேட்பார்கள். நான் அடிப்பதில்லை, பூவில் எப்போதும் தேனீ இருக்கிறது. இவ்வளவு செய்தும் ஆகஸ்டில் துரு வரும். வரட்டும். பூ அதனால் நிற்காது. செடி அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். மூன்றாம் ஆண்டுச் செடி மோசமாகத் தாக்கப்பட்டால் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள். இளஞ்செடிகளுக்கு அது நோய்க்கிடங்காக இருப்பதைவிடப் போவதே மேல்.

கருப்பைக் காப்பாற்றுவது

முதல் பூ தண்டின் அடியில் விரியும். அந்த வாரம் தினமும் காலையில் தோட்டத்துக்குப் போங்கள். நிறம் வெளிறிய செடி, நடுவில் மட்டும் கருத்து ஓரம் வெளுத்த செடி, எதுவாக இருந்தாலும் முதல் பூவிலேயே வெட்டிவிடுங்கள். பத்துப் பூ விரியும்வரை ரசித்துவிட்டு வெட்டலாம் என்று விட்டால், அதற்குள் அதன் மகரந்தம் எல்லாச் செடிக்கும் போய்விட்டிருக்கும். வெட்டுவது மனசுக்குக் கஷ்டம்தான், இரண்டு ஆண்டு வளர்த்த செடி. ஜாடியில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குள் அழகாகவே இருக்கும். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், நிழலில் வைத்து ஒப்பிடுங்கள். மாலை வெயிலில் எல்லாமே சிவப்பாகத் தெரியும்.

மிச்சமிருக்கும் செடிகளில் மிகக் கருத்தவற்றில் சிவப்புக் கம்பளி நூல் கட்டி அடையாளம் வையுங்கள். ஒரே செடியிலிருந்து விதை எடுத்துக்கொண்டே போனால் காலப்போக்கில் வீரியம் குறையும். ஐந்தாறு தாய்ச்செடியாவது இருக்கட்டும்.

சுற்றுவட்டாரத்தில் வேறு நிற ஹாலிஹாக் இருந்தால் இது மட்டும் போதாது, பை கட்டவேண்டும். நாளை விரியப்போகும் மொக்குகளுக்கு இன்று மாலை மெல்லிய வலைத்துணிப் பை போட்டு, வாயைத் தளரக் கட்டுங்கள். இந்தப் பூ முதலில் மகரந்தத்தை உதிர்க்கும். அதன்பிறகுதான் குழலின் நுனியிலிருந்து சூலகமுடிகள் மெல்லிய நூல்களாக வெளிவந்து விரியும். விரிந்ததும் பையைத் திறந்து, இன்னொரு கருத்த செடியில் பை போட்டு வைத்த புதுப் பூவின் மகரந்தத்தைச் சிறு தூரிகையால் தொட்டு அந்த நூல்களில் தடவி, மறுபடி பையை மூடிவிடுங்கள். நீங்கள் மறந்துபோனாலும் கடைசியில் நூல்கள் பின்பக்கம் வளைந்து தன் பூவின் மகரந்தத்தையே தொட்டுக்கொள்ளும். ஓரளவு விதை பிடிக்கும். இதழ் வாடி விழுந்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காயில் நூல் கட்டுங்கள். ஒரு செடிக்கு ஏழெட்டுக் காய் போதும். ஒரு காயில் இருபதுக்குமேல் விதை வட்டமாக அடுக்கியிருக்கும்.

மிகச் சிறந்த ஒரு செடியை அப்படியே பெருக்க வேண்டுமானால் விதையை நம்பாதீர்கள். வசந்த காலத்தில் அடியிலிருந்து புதுத் தளிர் வரும்போது, கொஞ்சம் அடிக்கட்டையோடு அறுத்து மணல் கலந்த மண்ணில் ஊன்றலாம். நோயில்லாத தளிராகப் பார்த்து எடுக்கவேண்டும்.

காய் காகிதம் போலக் காய்ந்து பிளக்கத் தொடங்கும்போது, மழையில்லாத நாளில் பறியுங்கள். இரண்டு வாரம் நிழலில் உலர்த்தி, விதையை மட்டும் பிரித்து, உறையையும் தூசியையும் முழுக்க ஊதிவிடுங்கள். துரு அந்தச் சருகில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆண்டுக்கு வரும். நீள மூக்கு வண்டு ஒன்று மொக்கில் துளையிட்டு முட்டையிடுவதும் உண்டு, அதன் புழு விதைக்குள் இருந்து தின்னும். விதையில் ஓட்டை தெரிந்தால் எறிந்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த நல்ல விதையை மூடிய டப்பாவில் சில நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் மிச்சமிருக்கும் பூச்சியும் போய்விடும். ஈரப்பதம் இல்லாமல் வைத்தால் மூன்று நான்கு ஆண்டு நன்றாக முளைக்கும்.

விதை எடுக்காத தண்டுகளைப் பூ முடிந்ததும் அரை அடி விட்டு வெட்டிவிடுங்கள். விதைக்குச் செலவாகும் சக்தி மிச்சமாகி, இன்னொரு கோடை வர வாய்ப்பு கூடும்.

உதிரும் இதழ்கள்

பூ சுருண்டு தரையில் விழும்போது பொறுக்கி உலர்த்தி வையுங்கள். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் திராட்சை ரசத்துக்கு நிறம் ஏற்றவே இந்த இதழைப் பயன்படுத்தினார்கள். படிகாரத்தில் ஊறவைத்த கம்பளி நூலை, இதழ் ஊறிய வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டால் சாம்பல் கலந்த ஊதா பிடிக்கும். கொதிக்கவைத்தால் நிறம் மங்கும். ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு இதழ் போட்டு எலுமிச்சை பிழிந்து பாருங்கள், சங்குப்பூத் தண்ணீர் போலவே நிறம் மாறிச் சிவக்கும். குழந்தைகளுக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போதும்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைப்பகுதியில் இருப்பவர்களும் இதை வளர்க்கலாம், அங்கே ஹாலிஹாக் தோட்டங்களில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வட இந்தியச் சமவெளியில் மழைக்காலம் முடியும்போது விதைத்து, கோடைக்கு முன்பே பூ பார்த்துவிடுகிறார்கள். சென்னை, மதுரை வெயிலுக்கு இதை நான் சொல்லமாட்டேன். அங்கே செம்பருத்தி இருக்கிறது.

உறையில் விதையைப் போடும்போது பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். பை கட்டியதா, எத்தனை தாய்ச்செடி, அந்த ஆண்டு எத்தனை வெளிறியதைப் பிடுங்கினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். என்னிடம் இருக்கும் உறைகளில் முதல் ஆண்டு பதினான்கில் ஆறு வெளிறியது என்று இருக்கிறது. சென்ற ஆண்டு இருபத்திரண்டில் ஒன்று. இந்த ஜூலைக்கான குழல்களில் மண் நிரப்பி வைத்தாயிற்று.